மூர்களின் மலையில் ஏறும் மஞ்சள் ட்ராம்

அலுமாரியைத் திறந்து உங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தமிழில் எழுதப்பட்டதாக இருந்தால் உங்களில் பலருக்கு 'இலங்கைச் சோனகர்' என்றிருக்கும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாக இருந்தால் அதே இடத்தில் 'மூர்' என்றிருக்கும். சோனகர் என்பது நம் மண்ணில் பழகிய பழைய சொல். மூர் என்பது எங்கிருந்து வந்தது? அது கடல் கடந்து வந்த பெயர். நம்மை முதன்முதலில் அப்படி அழைத்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் கப்பல் ஏறிய தலைநகரத்துக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகப் போகிறேன். விசாவும் வேண்டாம், விமான டிக்கட்டும் வேண்டாம். அடுப்பில் சோறு வெந்து கொண்டிருந்தால் அதை மட்டும் இறக்கி வைத்து விட்டு வாருங்கள்.

அந்த நகரம் லிஸ்பன். போர்த்துக்கலின் தலைநகரம். தேஜோ என்ற பெரிய ஆறு அத்திலாந்திக் சமுத்திரத்தில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. ஏழு குன்றுகளின் நகரம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லுவார்கள். ஏழா எட்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நடந்து பார்த்தால் எழுபது என்றுதான் கால் சொல்லும். தெருவெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம், அதுவும் இல்லாவிட்டால் படிக்கட்டு. ஏறி முடித்து மூச்சு வாங்கிக் கொண்டு நிமிர்ந்தால் ஓர் அழகான மேடை வரும். கைப்பிடிச் சுவர், இரண்டு வாங்கு, ஒரு மர நிழல், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கும் கீழே ஆறு. இப்படிப்பட்ட காட்சி மேடைகளுக்கு 'மிராடோரு' என்று அவர்கள் பாஷையில் பெயர். நகரம் முழுவதும் இவை இருக்கின்றன.

இவற்றையெல்லாம் நடந்தே பார்க்க வேண்டும் என்றால் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் முடிகிற காரியமா? அதற்குத்தான் இருக்கிறது ட்ராம் வண்டி.

கொழும்பில் வளர்ந்த உம்மும்மாமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ட்ராம் கார் மணி அடித்துக் கொண்டு போன காலம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1960 இல் அது நின்று போய் விட்டது. லிஸ்பனிலும் ஒரு காலத்தில் ஊர் முழுவதும் தண்டவாளம் ஓடியது. 1873 இல் குதிரை இழுக்கும் ட்ராம் வந்தது. 1901 இல் மின்சார ட்ராம் வந்தது. பிறகு பஸ் பெருகியது, 1959 இல் நிலக்கீழ் ரயில் வந்தது, ட்ராம் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை ஆறே ஆறு பாதைகள். மலைப் பக்கத்துப் பாதைகள் தப்பியதற்குப் பழைமை மீது கொண்ட ஆசை மட்டும் காரணமல்ல. அந்த ஒடுக்கமான வளைவுகளில் பெரிய பஸ் திரும்பாது. அவ்வளவுதான். அழகு என்று நாம் பார்க்கிற பல விஷயங்கள் இப்படி வேறு வழியில்லாமல் தப்பிப் பிழைத்தவைதான்.

வண்டியைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னஞ்சிறு பெட்டி ஒன்று. இரண்டே இரண்டு அச்சு. உள்ளே மரப்பலகை, மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடி யன்னல். உருவம் 1930களின் உருவம். ஆனால் 1990களின் நடுவில் உள்ளிருந்த மோட்டரையும் பிரேக்கையும் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினார்கள். பழைய சட்டைக்குள் புதிய உடம்பு! தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே 90 சென்ரிமீற்றர்தான். சில இடங்களில் நூறு அடி முன்னே போவதற்குள் பதின்மூன்று அடிக்கு மேல் உயர வேண்டும். பற்சக்கரமும் இல்லை, இழுவைக் கம்பியும் இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக் கொண்டு தானாகவே ஏறுகிறது. மழை நாளில் சக்கரம் வழுக்கினால், சாரதி சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணலைக் கொட்டிப் பிடிப்பு உண்டாக்குவார். வழுக்கும் கிணற்றடியில் நாம் சாம்பல் போடுவதைப் போன்ற வித்தைதான். எவ்வளவு படித்த இஞ்சினியராக இருந்தாலும் கடைசியில் மணலிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

நாம் ஏறப்போவது 28ஆம் இலக்க ட்ராம். நகரத்தின் கிழக்கு மலைகளில் ஏறி, நடுப்பள்ளத்தில் இறங்கி, மேற்கு மலைகளில் மறுபடி ஏறும் பாதை அது. மொத்தம் ஏழு கிலோமீற்றர் அளவில் வரும்.

புறப்படும் இடத்தின் பெயர் மார்த்திம் மொனிஸ். பெரிய சதுக்கம். இந்தப் பெயரை மறந்து விடாதீர்கள், பின்னால் வருகிறது. காலையில் நேரத்தோடு போனால்தான் இருக்கை கிடைக்கும். பத்து மணிக்குப் பிறகு வரிசை பாம்பு மாதிரி வளைந்து நிற்கும். டிக்கட்டை வண்டிக்குள் வாங்காதீர்கள், விலை கூட. நிலக்கீழ் ரயில் நிலையத்தில் 24 மணி நேர அட்டை ஒன்று வாங்கினால், ட்ராம், பஸ், ரயில் எல்லாவற்றிலும் அதே அட்டையோடு ஏறி இறங்கலாம். இன்னொன்று, இந்த 28ஆம் இலக்க வண்டி பிக்பொக்கட்காரருக்குப் பெயர் போனது. கைப்பையை முன்பக்கம் அணைத்துப் பிடியுங்கள். அபாயா அணிந்திருப்பவர்கள் ஏறும்போது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், படி உயரம். சப்பாத்து நல்ல பிடிப்புள்ளதாக இருக்கட்டும். நடைபாதை முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பார்க்க விரிப்புப் போல அழகு, ஆனால் ஈரமானால் எண்ணெய் பூசிய தரை.

சதுக்கத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய குடியிருப்பின் பெயர் மொராரியா. மூர்களின் பேட்டை என்று அர்த்தம். ட்ராம் அதை இடது பக்கமும் வலது பக்கமுமாகச் சுற்றி வளைத்துக் கொண்டுதான் மேலே ஏறுகிறது. பேட்டைக்குள் நாம் கடைசியில் வருவோம். இப்போது வண்டி கிராசா மலையில் ஏறட்டும்.

கிராசாவில் இறங்கினால் அருகருகே இரண்டு மிராடோரு. ஒன்று கோயிலுக்கு முன்னால், பைன் மர நிழலில். இன்னும் சில நிமிடங்கள் மேல்நோக்கி நடந்தால் சென்யோரா தோ மோன்தே. நகரத்தின் மிக உயர்ந்த காட்சி மேடைகளில் ஒன்று இது. நேரமில்லாதவர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்து விட வேண்டும் என்பேன். எதிரே தனிக் குன்றில் கோட்டை. அதன் காலடியில் மொராரியாவின் கூரைகள். நடுவில் நேர்கோடு நேர்கோடாகத் தெருக்கள் கிழித்த பள்ளம். அது 1755 நவம்பர் முதலாம் திகதி வந்த பூகம்பத்தில் இடிந்து, கடல் பெருகி, தீப்பிடித்து அழிந்த பிறகு புதிதாகக் கட்டிய பகுதி. அதற்கப்பால் 1966 இல் திறந்த நீண்ட செந்நிறத் தொங்குபாலம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஆறு, கடலோ என்று மயங்கும்படி அகன்று கிடக்கிறது.

பள்ளத்துத் தெருக்கள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாற்போல இருக்க, கோட்டையைச் சுற்றிய தெருக்கள் மட்டும் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஏன் பின்னிக் கிடக்கின்றன? பூகம்பத்தில் அந்தக் குன்றுப் பேட்டைகள் ஓரளவு தப்பி விட்டன. அவற்றின் வளைவுகள் பல, முஸ்லிம்கள் இந்த நகரத்தில் வாழ்ந்த காலத்து வளைவுகள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1147 வரை, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இது ஒரு முஸ்லிம் நகரம். அல்-உஷ்பூனா என்று அதன் பெயர்.

மறுபடி ட்ராமில் ஏறுங்கள். இனி வருவதுதான் பிள்ளைகள் கூச்சலிடும் பகுதி. வண்டி ஒரு சந்துக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். யன்னலுக்கு வெளியே கை நீட்டினால் சுவரில் முட்டும் (நீட்டாதீர்கள்). காயப் போட்ட துவாய் தலைக்கு மேலே ஆடுகிறது. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இடமில்லாததால், ஒரே தண்டவாளத்தில் எதிரே வரும் வண்டி தாண்டும் வரை விளக்கைப் பார்த்துக் காத்து நிற்க வேண்டும். எவனாவது காரை ஓர் அடி வெளியே தள்ளி நிறுத்தி விட்டால் போயிற்று. சாரதி மணியடித்துக் கொண்டே இருப்பார், பிரயாணிகள் இறங்கி வந்து ஆலோசனை சொல்லுவார்கள், வீட்டுக்காரிகள் யன்னலுக்கு வருவார்கள். நம்மூர் மாதிரியே.

சந்து திடீரென்று திறந்து வெளிச்சம் கொட்டும் இடம் போர்ட்டாஸ் தோ சோல். சூரிய வாசல். முஸ்லிம்களின் காலத்து நகர மதிலில் கிழக்கு நோக்கித் திறந்த வாசல் இங்கேதான் இருந்தது. அந்த மதிலின் ஒரு துண்டு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. இறங்கிக் கைப்பிடிச் சுவரருகே போய் நில்லுங்கள். காலடியில் ஆற்றங்கரை வரை சரிந்து கிடப்பது அல்ஃபாமா. பெயரைக் கேட்டதும் உங்கள் காது விழித்திருக்கும். அல்-ஹம்மா. வெந்நீர் ஊற்று என்ற அரபுச் சொல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் போல இங்கும் சுடுநீர் ஊறிய இடங்கள் இருந்தன.

அந்த வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு தெரு இருந்ததாக 1154 இல் தன் பூகோள நூலை முடித்த அல்-இத்ரீஸி எழுதியிருக்கிறார். அந்தத் தெருவின் பெயர் கடல் துணிந்தவர்களின் தெரு என்ற பொருளில் வரும். பெயர் வந்த கதை இது. லிஸ்பன் முஸ்லிம்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஒரு கப்பல் கட்டி மாதக் கணக்குக்குத் தண்ணீரும் உணவும் ஏற்றிக் கொண்டு, இந்தச் சமுத்திரத்தின் முடிவில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று மேற்கே போனார்கள். ஓரிடத்தில் மேய்ப்பனில்லாத ஆட்டு மந்தை நிறைந்த தீவு. அறுத்துப் பார்த்தால் இறைச்சி ஒரே கசப்பு. தோலை மட்டும் எடுத்துக் கொண்டு இன்னும் தெற்கே போனார்கள். வேறொரு தீவில் பிடிபட்டார்கள். அந்தத் தீவின் அரசனிடம் அரபு பேசத் தெரிந்த ஒருவன் இருந்தான்! அரசன் இவர்களின் நோக்கத்தைக் கேட்டுச் சிரித்தானாம். பிறகு கண்ணைக் கட்டிப் படகில் ஏற்றிக் கொண்டு வந்து ஆபிரிக்கக் கரையில் விட்டு விட்டார்கள். அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் போன தீவுகள் எவை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. வாஸ்கோ தகாமாவுக்குப் பல நூறு வருடம் முன்பே, இதே கரையிலிருந்து, கடலின் மறுபக்கம் பார்க்கிற ஆசையோடு முஸ்லிம் பையன்கள் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். அவர்களுடைய உம்மாமார் இந்த மேட்டில்தான் ஏறி நின்று கப்பல் வருகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக் கொள்கிறேன்.

இங்கிருந்து சில அடிகள் இறங்கினால் சாந்தா லுசியா மிராடோரு. போகன்வில்லா கொடி படர்ந்த பந்தல், நீல ஓடு பதித்த வாங்குகள். லிஸ்பனைப் பற்றிய படங்களில் அடிக்கடி வருகிற இடம். எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் திரும்பிக் கோயிலின் தெற்குச் சுவரைப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் இரண்டு பெரிய சித்திரங்கள். ஒன்று பூகம்பத்துக்கு முந்திய ஆற்றங்கரைச் சதுக்கம். மற்றது 1147 இல் கோட்டை வாசலில் நடந்த சண்டை. கிறிஸ்தவப் படை உள்ளே பாய்கிறது. வாசற்கதவு மூடிக் கொள்ளாமல் தன் உடலையே இடுக்கில் கொடுத்து ஒரு வீரன் சாகிறான். அவன்தான் மார்த்திம் மொனிஸ். நாம் ட்ராம் ஏறிய சதுக்கத்துக்கு அவன் பெயர்தான். அது வரலாறா கட்டுக்கதையா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கே சந்தேகம் உண்டு. வாசலுக்கு அந்தப் பக்கம் தலைப்பாகையோடு நிற்பவர்கள் நம்மவர்கள். படத்தில் அவர்களுக்குப் பெயரில்லை.

அந்தச் சித்திரம் வரைந்திருக்கிற ஓட்டுக்குப் போர்த்துக்கேயர் சொல்லும் பெயர் 'அஸுலேஜு'. அரபியில் அஸ்-ஸுலைஜ். மெருகிட்ட சிறு ஓடு என்று அர்த்தம். தோற்றவர்களைத் தோற்கடித்த கதையை, அவர்கள் பாஷையில் பெயர் பெற்ற ஓட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் நடந்தது என்ன? போர்த்துக்கல் அரசன் அஃபொன்சோ ஹென்ரிக்ஸ் தனியாக வரவில்லை. பலஸ்தீனத்துக்குச் சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க் கொண்டிருந்த ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஃபிளெமிஷ்காரர்களை, கொள்ளையில் பங்கு தருவதாகச் சொல்லித் துணைக்குச் சேர்த்துக் கொண்டான். ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை முற்றுகை. உள்ளே சாப்பாடு முடிந்தது. சரணடைந்தால் உயிருக்குத் தீங்கில்லை என்று உடன்பாடு. வாசல் திறந்ததும் ஒரு பகுதிப் படையினர் உடன்பாட்டை மீறிச் சூறையாடினார்கள். இதை எழுதி வைத்தவர் முஸ்லிம் அல்ல, முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர். அவர் எழுதியதில் ஒரு செய்தி எப்போதும் என் மனதைத் தொடும். அந்தச் சூறையாடலில் கழுத்தறுக்கப்பட்டவர்களில் நகரத்தின் கிறிஸ்தவ மேற்றிராணியாரும் ஒருவர். மிகவும் வயதானவர். அதாவது, முஸ்லிம்களின் ஆட்சியில் கிறிஸ்தவ மக்களும் அவர்களுடைய மேற்றிராணியாரும் அந்த நகரத்துக்குள் இருந்து வந்தார்கள். அவரைக் கொன்றது அவருடைய மார்க்கத்துப் படையே.

ட்ராம் இங்கிருந்து இறங்கி 'சே' எனும் தலைமைத் தேவாலயத்தின் பக்கமாக வளைந்து போகும். நகரத்தின் பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் அது கட்டப்பட்டது என்பது நெடுங்கால வழக்கு. தேவாலயத்தின் உள்முற்றத்தைத் தோண்டியபோது முஸ்லிம்கள் காலத்துக் கட்டடச் சுவடுகள் வெளிப்பட்டன. கோட்டைக்குள்ளும் அப்படித்தான். பதினோராம் நூற்றாண்டு வீடுகளின் அடிச்சுவர்கள் வெளிவந்திருக்கின்றன. நடுவில் முற்றம், அதைச் சுற்றி அறைகள். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி பள்ளத்தைக் கடந்து மறுபக்கம் ஏறுகிறது. இந்த மேற்கு மலைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கடைத்தெரு, தேநீர்க் கடை, பாராளுமன்றம், எஸ்த்ரெலா பூங்கா. பிள்ளைகள் ஓடி விளையாடப் பூங்கா நல்லது. ஆனால் இரண்டு மிராடோருகளில் இறங்க வேண்டும்.

ஒன்று சாந்தா கத்தரினா. அங்கே பாறையிலிருந்து பிதுங்கி நிற்கும் ஒரு பூதத்தின் சிலை இருக்கிறது. அதன் பெயர் அடமஸ்தோர். போர்த்துக்கேயரின் மகாகவி கமோயன்ஷ் 1572 இல் வெளியிட்ட காவியத்தில், நன்னம்பிக்கை முனையைக் காத்து நின்று வாஸ்கோ தகாமாவை மிரட்டுகிற பூதம். முனையைத் தாண்டி இந்து சமுத்திரத்துக்குள் வராதே என்று அது எச்சரிக்கிறது. பூதத்தின் பேச்சை அவர்கள் கேட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றினால் அதில் தவறில்லை.

ஏனென்றால் 1502 இல் தகாமா இரண்டாம் தடவை நம் கடலுக்கு வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த ஹாஜிகளின் கப்பல் ஒன்றை மலையாளக் கரைக்கு அப்பால் பிடித்தான். பொருட்களை எடுத்துக் கொண்டான். பிறகு நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே வைத்துக் கப்பலைக் கொளுத்தச் சொன்னான். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றி உயர்த்திக் காட்டி, கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதை அவன் கப்பல் கூட்டத்தில் வந்த தோமே லோப்பெஸ் என்ற எழுத்தரே எழுதி வைத்திருக்கிறார். தகாமாவின் கல்லறை ஆற்றங்கரையில் பெலெம் என்ற இடத்துப் பெரிய மடாலயத்தில் இருக்கிறது. 15ஆம் இலக்க ட்ராம் அங்கே போகும். மடாலயத்தின் கல் வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது. பார்க்கலாம், பார்க்க வேண்டியதுதான். எதைத் தெரிந்து கொண்டு பார்க்கிறோம் என்பது நம் கையில்.

மற்ற மிராடோரு சாவோ பெத்ரோ தெ அல்காந்தரா. (இந்தப் பெயரிலும் அல்-கன்தரா, பாலம் என்ற அரபுச் சொல் ஒளிந்திருக்கிறது.) பூந்தோட்டம் போல விரிந்த மேடை. கோட்டைக் குன்றை எதிரே முழுதாகப் பார்க்கலாம். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் "கீழிருந்து குளோரியா இழுவை வண்டியில் ஏறுங்கள்" என்றிருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். 2025 செப்ரெம்பர் 3 ஆம் திகதி மாலை அந்த வண்டியின் இழுவைக் கம்பி பூட்டிய இடத்தில் விடுபட்டு, வண்டி சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடிக் கட்டடத்தில் மோதியது. பதினாறு பேர் உயிரிழந்தார்கள். உள்ளூர்க்காரரும் இருந்தார்கள், சுற்றுலா வந்த வெளிநாட்டவரும் இருந்தார்கள். நகரத்தின் மற்றைய இழுவை வண்டிகளையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இழுவை வண்டி வேறு, ட்ராம் வேறு. 1885 இல் தொடங்கிய அந்த இழுவை வண்டியில், ஒரு கம்பியின் இரு பக்கமும் இரண்டு வண்டிகள் தொங்கும். ஒன்று இறங்கும் பாரம் மற்றதை ஏற்றும். கம்பி போனால் சமநிலையே போய் விடும். ட்ராமோ தன் மோட்டரிலும் தன் பிரேக்கிலும் நிற்பது. இரண்டுமே மஞ்சள் நிறம் என்பதால் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். எந்த இழுவை வண்டி ஓடுகிறது என்று அங்கே கேட்டறிந்து கொண்டு போங்கள்.

பசிக்கிறதா? சாப்பாட்டு விஷயத்தில் கவனம் தேவை. போர்த்துக்கேயர் சூப்பிலும் பாணிலும்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு, சில பலகாரங்களில் பன்றிக் கொழுப்பும் சேரும். முட்டையும் பாலும் சேர்த்துச் செய்யும் 'நாத்தா' என்ற சிறு பணியாரம் நகரெங்கும் விற்கும். எந்தக் கொழுப்பில் செய்தது என்று கேட்டு விட்டு வாங்குங்கள். சுட்ட சாளை மீனுக்கு அந்தக் கவலை குறைவு. நெருப்பில் வாட்டி, உப்புத் தூவி, ஒலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். ஒலிவ் எண்ணெய்க்கு அவர்கள் சொல்வது 'அஸெய்த்'. அரபியில் அஸ்-ஸைத். அரிசி அவர்களுக்கு 'அரோஸ்', சீனி 'அஸூகர்', தலையணை 'அல்மொஃபாடா'. எல்லாம் அரபு வழிச் சொற்கள். ஏதாவது நல்லது நடக்க வேண்டும் என்றால் 'ஒஷலா' என்பார்கள். உற்றுக் கேளுங்கள். அல்லாஹ் நாடினால் என்பதுதான் அது, வாயில் தேய்ந்து போயிருக்கிறது.

அதே மாதிரி நம் வீட்டையும் சுற்றிப் பாருங்கள். அலுமாரி, மேசை, யன்னல், சாவி, கோப்பை, துவாய், சப்பாத்து, பாண். எல்லாம் அவர்கள் விட்டுப் போன சொற்கள். அடித்து விரட்டியவர்களின் சொல் விரட்டப்பட்டவர்களின் சமையலறையில் இருக்கிறது, தோற்றவர்களின் சொல் வென்றவர்களின் தலையணையில் இருக்கிறது.

இப்போது மாலையாகி விட்டது. 28இல் திரும்பி ஏறி மறுபடி கிராசாவுக்கு வாருங்கள். வெயில் சாயும் நேரத்தில் சென்யோரா தோ மோன்தே நிரம்பி விடும், ஓர் ஓரமாக நில்லுங்கள். எதிரே பாலத்தின் பக்கம் சூரியன் இறங்கும். கோட்டைச் சுவர் முதலில் தேன் நிறமாகி, பிறகு சாம்பல் நிறமாகும். அதன்பின் படிக்கட்டு வழியாகக் கீழே நடந்தே இறங்குங்கள். இறக்கம்தான், முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கும். இறங்குகிற இடம் மொராரியா.

1147க்குப் பிறகு உயிர் தப்பிய முஸ்லிம்களை மதிலுக்கு வெளியே, கோட்டையின் இந்த நிழற்சரிவில் குடியிருக்க விட்டார்கள். 1170 இல் அரசன் ஓர் உரிமைச் சாசனமும் கொடுத்தான். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே இருந்தார்கள். 1496 டிசம்பரில் அரசன் மனுவெல் ஒரு கட்டளை போட்டான். யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஸ்பானிய இளவரசியை மணம் முடிப்பதற்காக அவன் கொடுத்த விலை அது. பேட்டை காலியானது. பெயர் மட்டும் நின்றது.

அதே மனுவெலின் கப்பல்கள்தான் 1498 இல் கோழிக்கோட்டுக்கும் 1505 இல் கொழும்புக்கும் வந்தன. துறைமுகத்தில் தொழுகையாளிகளான வணிகர்களைக் கண்டதும், ஒன்பது வருடத்துக்கு முன் தங்கள் ஊரை விட்டு அனுப்பியவர்களின் பெயரை இவர்களுக்கும் சூட்டினார்கள். மூர்! நம் முன்னோர்கள் மொரொக்கோவையும் பார்த்ததில்லை, மொராரியாவையும் பார்த்ததில்லை. பெயரோடு விதியும் சேர்ந்தே வந்தது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கொண்டு நாலாயிரம் பேர் வரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கிழக்கிலே இந்தப் பக்கங்களைப் புரட்டும் சகோதரிகளில் சிலருடைய குடும்பக் கதை அங்கிருந்து தொடங்கலாம்.

இன்றைய மொராரியாவில் நுழைந்தால் முதலில் மூக்குத்தான் ஊரை அறியும். மசாலா வாசனை! பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்தியச் சகோதரர்களின் கடைகள். ஹலால் இறைச்சிக் கடைகள், அரிசி மூட்டைகள், ஏலக்காய், கொத்தமல்லிக் கட்டு. ஐந்து நூற்றாண்டுக்கு முன் முஸ்லிம்களை அனுப்பி விட்ட பேட்டைக்கு, கடைகள் போட்டுக் கொண்டு முஸ்லிம்கள் வந்திருக்கிறார்கள். சிறு தொழுகை அறைகளும் உண்டு. நகரத்தின் பெரிய பள்ளிவாசல் இங்கில்லை, வடக்கே இருக்கிறது, நிலக்கீழ் ரயிலில் போகலாம். 1985 இல் திறக்கப்பட்டது. மொசாம்பிக், கினி-பிசாவு முதலிய நாடுகள் போர்த்துக்கலிடமிருந்து 1970களில் விடுதலை பெற்ற பிறகு அங்கிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் பலர் அந்த ஜமாஅத்தில் இருக்கிறார்கள்.

மார்த்திம் மொனிஸ் சதுக்கத்துக்கு வந்து விட்டோம். காலையில் வரிசையில் நின்ற அதே இடம். சோறும் பருப்பும் மணக்கும் ஒரு கடையில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள். உங்கள் அட்டை நாளைக் காலை வரை செல்லும். முதல் ட்ராமில் வரிசை இருக்காது, சாந்தா லுசியாவில் அந்த நீலச் சுவருக்கு முன்னால் படம் எடுப்பவர்களும் இருக்க மாட்டார்கள்.